கதவு நோட்டு

காலை ஐந்து பத்துக்குக் கேபிள் போனது. ஐந்து பதினைந்துக்கெல்லாம் உமா மகேஸ்வரி வாயில் பிரஷ்ஷோடு நின்றபடி, போனில் "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேரில் ஏழு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதையெல்லாம் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மரைன் ஹில்லில் அவள் வீட்டுக்கு மேல்மாடிக்காரர் விடிந்ததும் டீவியில் யூடியூப் பக்திப் பாட்டு வைப்பார். பாட்டு பாதியில் நின்று, அவர் ரிமோட்டை டீப்பாயில் தட்டுகிற சத்தம் கேட்டால் கேபிள் போச்சு என்று அர்த்தம்.

மெயின்லேண்டிலிருந்து கடலுக்கடியில் வரும் அந்தக் கேபிளை நம்பித்தான் தீவின் இன்டர்நெட் இருக்கிறது. நடுக்கடலில் அறுந்தால் கப்பல் வந்து தூக்கி ஒட்டவேண்டும், வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தடவை அவ்வளவு மோசமில்லை. அக்கரையில் கேபிள் கரையேறும் இடத்துக்குப் பக்கத்தில் எவனோ பள்ளம் தோண்டியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் ஒட்டிவிடுவார்கள் என்று தகவல் வந்தது. உமாவுக்கு அந்தச் சாயங்காலம் போதாது. அவளுடைய கெடு மாலை ஐந்து மணி.

உமா ஓர் இன்டர்நெட் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். தீவு போஸ்டிங் மூன்றே வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது மகள் கார்த்திகா ஐந்தாம் வகுப்பு. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, மதுரையில் அப்பாவோடு இருக்கிறாள். டிரான்ஸ்ஃபர் கேட்கிற இணையப் பக்கத்தைக் கம்பெனி வருஷத்துக்குப் பத்து நாள்தான் திறந்து வைக்கும். ஒரு வருஷம் மாற்று ஆள் இல்லை என்றார்கள். இன்னொரு வருஷம் மாற்று ஆள் வந்து, மழையைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிப் போனான். இந்த வருஷம்தான் எல்லாம் கூடி வந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்ற கடிதத்தை மட்டும் மேலதிகாரி ஒன்பது நாள் மேஜையில் வைத்து அழகு பார்த்துவிட்டு, பத்தாம் நாளுக்கு முந்தின மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த இணையப் பக்கம் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். மதுரையிலிருந்து வீட்டுக்காரர் போட்டுவிட முடியாது. ராத்திரியே ஆபீசுக்குத் திரும்பிப் போய் உமா போட்டிருக்கலாம். அலுப்பாக இருந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்தை நினைத்து இப்போது தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆபீசுக்கு வந்ததும் வழக்கமான வேலையை ஆரம்பித்தாள். கேபிள் போனால் மொட்டைமாடி டிஷ் வழியாகச் சாட்டிலைட்தான் கதி. கேபிள் ஒரு கப்பல் என்றால் சாட்டிலைட் சின்ன டிங்கிப் படகு. நாலு பேருக்கு மேல் ஏறினால் எல்லாரும் சேர்ந்து முழுகவேண்டியதுதான். அதனால் யாரை ஏற்றுவது என்று ரவுட்டருக்குச் சொல்லவேண்டும். இன்டர்நெட்டில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் ஓர் எண் உண்டு. ஓர் இடத்துக்குப் போகும் வழி ரவுட்டருக்கு வந்து சேரும்போது, இடையில் தாண்டவேண்டிய நெட்வொர்க்குகளின் எண்கள் வரிசையாக அதில் ஒட்டியிருக்கும். கடைசி எண் அந்த இடத்துக்குச் சொந்தக்காரருடையது. அந்த வரிசையைச் சலிக்க உமா ஒரே ஒரு வரி எழுதுவாள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். தொழிலில் இருப்பவர்களுக்கு ரெஜெக்ஸ்.

_(64497|64501|64508)$

எண்களுக்கு நடுவில் நிற்கும் கோடு 'அல்லது'. கடைசியில் இருக்கும் டாலர் குறி 'இதோடு முடியவேண்டும்'. இந்த மூன்றில் ஒன்றில் முடிகிற வழியை உள்ளே விடு, மற்றதைத் தூக்கிப் போடு, அவ்வளவுதான் அந்த வரி. முதல் எண் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரண்டாவது கப்பல் டிக்கெட். மூன்றாவது புயல், சுனாமி எச்சரிக்கை.

மூன்று எண்களாகச் சுருங்கியதற்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் கேபிள் போகும்போது பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவராகப் போன் போடுவார்கள். ஆளுக்கொரு எண் ஏறும். கேபிள் வந்த பிறகு எவரும் இறங்குவதில்லை. அடுத்த தடவை கேபிள் போகும்போது பழைய ஆட்களோடு புது ஆட்களும் ஏறுவார்கள். அப்படியே பத்தொன்பது எண் வரைக்கும் போய், ஒரு நாள் ஆஸ்பத்திரியின் வீடியோ வைத்தியமே நின்றுபோனது. அன்றைக்குத்தான் உமாவுக்குக் கோபம் வந்து பதினாறை வெட்டி எறிந்தாள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, கவுன்டரில் கயிறு கட்டிப் பேனாவோடு வைத்தாள். கதவைத் திறக்கச் சொல்லி யார் கேட்டாலும் சரி, பெயர், காரணம் எழுதவேண்டும். கடைசியில் 'திறந்தது' என்று ஒரு கட்டம். திறந்தால் உமா டிக் போடுவாள். பெயரை எழுதச் சொன்னதுமே பாதிப் பேருக்கு அவசரம் தணிந்துவிடும். மூன்று வருஷத்தில் அந்தக் கட்டத்தில் விழுந்த டிக்கை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் நோய், சாவு சம்பந்தப்பட்டவை. ஆபீசில் அதற்குக் கதவு நோட்டு என்று பெயர் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு பேர் எழுதிவிட்டார்கள். டூர் ஏஜென்சி நடத்தும் பெங்காலிக்காரர் ஒருவர், "மேடம், சிர்ஃப் தோ மினிட்" என்று இரண்டு விரலைக் காட்டினார். "பெஹ்லே நாம் லிக்கியே" என்று முதலில் பெயரை எழுதச் சொல்லி உமா நோட்டைக் காட்டினாள். அவர் நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "ரெஹ்னே தோ", வேண்டாம் விடுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

அபர்டீன் பஜாரில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் சொக்கலிங்கம் அப்படிக் கிளம்புகிற ஆள் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் கப்பலே ஏறவில்லை.

"எம்மா, மெயின்லேண்ட் கம்பெனிக்கு இன்னைக்கு ஆர்டர் போட்டாத்தான் வெள்ளிக்கிழமை கப்பல்ல சரக்கு ஏறும். நமக்கு மட்டும் கொஞ்சம் தெறந்து விடேன்."

"திறந்து விட்டாலும் நடக்காது அண்ணாச்சி. ஆர்டர் போட ஓடிபி வரணும்ல? அது எஸ்எம்எஸ். இன்னைக்கு எஸ்எம்எஸ் எல்லாம் அக்கரையில க்யூவுல நிக்கிது. காலையிலருந்து எனக்கு ஒரு மெசேஜ்கூட வரல."

"அப்பொ போன் பேச முடியுதே?"

"பத்து தடவை அடிச்சா ஒரு தடவை கிடைக்குது. போன்லயே ஆர்டர் சொல்லிப் பாருங்க."

சொக்கலிங்கம் பெயரை எழுதினார். எழுதியதோடு விடாமல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஊரில் யார் யார் வந்து கெஞ்சியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

"இதுல ஒம் பேரு எங்கயாவது இருக்கா?"

"தேடிப் பாருங்க."

அவர் உண்மையாகவே தேடினார். "இல்லியே!" என்று ஏமாந்த மாதிரிச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். உமாவுக்கு அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏழு வருஷத்தில் தீவு அவளிடமிருந்து தலைமுடி, முழங்கால், மகளின் பள்ளி ஆண்டுவிழாக்கள் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டது. பதிலுக்கு அவளிடம் மிஞ்சியது அந்த நோட்டு ஒன்றுதான்.

பத்து மணியிலிருந்து கம்பெனித் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டாள். பன்னிரண்டே காலுக்கு லைன் கிடைத்தது. "சிஸ்டம் அஞ்சு மணிக்குத் தானா மூடிக்கும் மேடம். கடிதத்தை மெயில்ல அனுப்பி வைங்க" என்றது ஒரு சின்னக் குரல். இன்டர்நெட் இல்லை என்று இன்டர்நெட் கம்பெனிக்காரியே இன்டர்நெட் கம்பெனிக்குப் புரியவைக்க நாலு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகு, "அடுத்த வருஷம் போடலாமே மேடம்" என்றது அந்தக் குரல். உமா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் கார்த்திகா கல்லூரிக்குப் போய்விடுவாள், ஹாஸ்டலோ என்னவோ. உமா வீடு போய்ச் சேரும்போது வீட்டில் மகள் இருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "இந்த வருஷமாவது ஒழுங்காப் போடும்மா" என்று கார்த்திகா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் உமாவுக்குத் தாங்கவில்லை.

டிரான்ஸ்ஃபர் பக்கம் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கில் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. செலவு மிச்சம் என்று அதை ஒரு பெரிய கிளவுட் கம்பெனியில் கொண்டுபோய்க் குடிவைத்திருந்தார்கள். அதன் எண் 64511. அதே எண்ணில்தான் வீடியோ, விளையாட்டு, கடை, போட்டோ என்று பாதி உலகமே குடியிருக்கிறது. ரெஜெக்ஸுக்கு எண்தான் தெரியும், ஆள் தெரியாது. அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் தனியாகப் பிரித்து விடலாமே என்றால், அதுவும் நிமிஷத்துக்கு ஒரு முகவரியில் எழுந்திருக்கிற ஜாதி. உமாவுக்காக 64511ஐத் திறந்தால் தீவில் இருக்கிற அத்தனை போனும் கூடவே உள்ளே நுழையும்.

ஒன்றரை மணிக்கு லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து தேவேந்திரன் கூப்பிட்டான். அங்கே ஆஸ்பத்திரியில் வீடியோ வைத்தியத்துக்கான கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். அவன் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஹட் பேக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவிலான கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து வருவது உமாவின் டிஷ் ஏறித்தான் சென்னைக்குப் போகவேண்டும்.

"அக்கா, ஒரு சீரியஸ் கேஸ். பேச்சியம்மான்னு, எங்க தோட்டத்து லைன்ல இருக்கவங்கதான். காலையிலருந்து நெஞ்சு வலி. இங்க டாக்டருக்குச் சென்னையில ஹார்ட் டாக்டர்கிட்ட ஸ்கேனை லைவாக் காட்டணுமாம். அவரு தியேட்டர்ல இருக்காரு, ரெண்டரைக்கு வர்றேன்னுருக்காரு. மூணு மணிக்குள்ள சொல்லிட்டா ஹெலிகாப்டர் வரும்க்கா. அதுக்கு மேல வெளிச்சம் பத்தாதுன்னு எடுக்க மாட்டாங்க. லைன் டீக் ஹை நா? ஒழுங்காப் போகுமா?"

"லைன் காலியாத்தான் இருக்கு. ரெண்டரைக்குத் தாராளமாப் போகும்."

"பக்கா?"

"பக்கா."

அவள் சொன்னதில் பொய் இல்லை. திரையில் சாட்டிலைட் லைன் கால்வாசிகூட நிறையவில்லை. ரெண்டு மணிக்கும் அப்படியே இருந்தது. ரெண்டு ஐந்துக்கும் அப்படியே இருந்தது. உமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடினாள். ரெண்டரைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். விண்ணப்பம் எல்லாம் நிரப்பித் தயாராக இருக்கிறது. கடிதத்தை ஏற்றி ஒரு பட்டன் அழுத்தவேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷம் போதும். பத்து நிமிஷத்துக்கு யாரும் உபயோகிக்காத லைனைத் திறந்து மூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? காலையிலிருந்து நோட்டில் எழுதிய அத்தனை பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

ரெண்டு பன்னிரண்டுக்கு வரியில் நாலாவது எண்ணைச் சேர்த்தாள்.

_(64497|64501|64508|64511)$

பக்கம் திறந்தது. மெதுவாக, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பக்கத்துத் திரையில் சாட்டிலைட் லைனின் பச்சைக் கோடு ஏறி, மஞ்சளாகி, சிவப்பாகி, மேல்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து பட்டினி கிடந்த போன்களெல்லாம் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. உமா அந்தத் திரையைப் பார்க்காமல் இருந்தாள். கடிதத்தை ஏற்றினாள். இரண்டு நிமிஷம் சுற்றியது. ஏறிவிட்டது. 'சமர்ப்பி' என்பதை அழுத்தினாள்.

'உங்கள் மொபைலுக்கு வந்த ஓடிபியை உள்ளிடவும்.'

ஒரு கணம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு போனைக் கையில் எடுத்தாள். மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்தினாள். காலையில் இதே வாயால் சொக்கலிங்கத்துக்குச் சொன்னவள் அவள். அவருக்கு மட்டுமா, ஊருக்கே சொன்னவள். எஸ்எம்எஸ் அக்கரையில் நிற்கிறது, ஓடிபி வராது. தனக்கென்று வந்தபோது அது சுத்தமாக மறந்து போயிருந்தது. மறந்தது தெரிந்த பிறகும் கை விடவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். பிள்ளையார் கோவிலில் நின்று வேண்டிக்கொள்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நாலாவது ஓடிபிக்காகவும் அழுத்தினாள்.

போன் அடித்தது. தேவேந்திரன்.

"அக்கா! எவ்ளோ நேரமா அடிக்கிறேன், லைனே கெடைக்கல. டாக்டர் சீக்கிரமே வந்துட்டாரு, ரெண்டே காலுக்கு. படம் அப்படியே நிக்கிதுக்கா. அசைய மாட்டேங்குது. சாட்டிலைட் போயிருச்சா?"

உமா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். நாலாவது எண்ணை அழித்து, வரியைப் பழையபடி போட்டாள். மணி ரெண்டு இருபத்து மூன்று. சிவப்புக் கோடு பொத்தென்று விழுந்தது.

"இப்பப் பாருங்க" என்றாள்.

"இப்ப வருது. ஆனா டாக்டர் எழுந்து போயிட்டாரே... அடுத்த ஆபரேஷனுக்குக் கூப்டாங்களாம்."

டாக்டர் திரும்பி வந்தபோது மணி ரெண்டு ஐம்பத்தெட்டு. படத்தைப் பார்த்தார், ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார், உடனே போர்ட் பிளேருக்கு அனுப்புங்கள் என்றார். ஹெலிகாப்டருக்குத் தகவல் போனபோது மூன்று பத்து. இனி நாளைக் காலை ஆறு மணிக்குத்தான் என்று பதில் வந்தது. இதையெல்லாம் தேவேந்திரன் நாலு மணிக்குக் கூப்பிட்டு, பாவம், ஒவ்வொன்றாகச் சொன்னான். கூடவே, "நீங்க இல்லேன்னா அதுவும் நடந்திருக்காதுக்கா" என்றான். உமாவுக்கு அவமானமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

ஐந்து மணிக்கு லேப்டாப் திரையில் அந்தப் பக்கம் அப்படியே நின்றது, ஓடிபி கேட்டபடி. உமா அதை மூடினாள். ஆச்சரியமாக, அழுகை வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து, ஆறிப்போன புளிசாதத்தைப் பாதி சாப்பிட்டாள்.

ஆறு நாற்பதுக்குக் கேபிள் வந்தது. சொல்லி வைத்தாற்போல் போன் சிணுங்க ஆரம்பித்தது. சிணுங்கிக்கொண்டே இருந்தது. பேங்க், கேஸ் சிலிண்டர், யாரோ நிலம் விற்கிறவர்கள். அவற்றுக்கு நடுவில் ஓர் ஓடிபி. பத்து நிமிடங்களுக்குச் செல்லும், யாரிடமும் பகிர வேண்டாம். அப்புறம் இன்னொன்று. பிறகு கார்த்திகாவிடமிருந்து ஒன்று: 'அம்மா, போட்டாச்சா?' அதை அடுத்து மூன்றாவது ஓடிபியும் நாலாவதும் வந்தன. மூன்றாவது ஓடிபிக்கு முன்னால் மகள் கேட்டிருக்கிறாள் என்றால், உமா பட்டனை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்த அதே நேரம். 'இல்லம்மா' என்று பதில் எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ராத்திரி பேசுறேன்' என்று சேர்த்தாள்.

அனுப்பி முடிப்பதற்குள் புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"அம்மாங்களா? நான் ஹட் பே தம்பையா பேசுறேங்க. பேச்சியம்மாவோட வீட்டுக்காரன். தேவேந்திரன் தம்பிதான் நம்பர் குடுத்திச்சி."

"சொல்லுங்க ஐயா. எப்பிடி இருக்காங்க?"

"ஊசி போட்ருக்காங்க. தூங்குதுங்க. இன்னிக்கே போயிருந்தா நல்லதுன்னு டாக்டரையா சொன்னாரு. இந்த ராவைத் தாண்டிட்டாப் பயமில்லைன்னாரு. நடுவுல செத்த நேரம் படம் நின்னு போச்சுங்க. எனக்கு உசுரே நின்ன மாதிரி ஆயிருச்சி. நீங்கதான் ஒடனே சரி பண்ணிக் குடுத்தீங்களாமே. ஒங்களுக்குக் கோடி புண்ணியங்க தாயி. ஒங்க புள்ளைகுட்டி நல்லாருக்கணும்."

சொல்லிவிடவேண்டும் என்று உமா வாயைத் திறந்தாள். அது நான்தான் ஐயா, நிறுத்தியதும் நான்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விடியும் வரை மூச்சை எண்ணப்போகிற மனுஷரிடம் அதைச் சொல்லி, தன் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவதா என்று தோன்றியது. அது நியாயமா, தைரியமில்லாமல் கட்டிக்கொண்ட சாக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவங்களப் பாத்துக்குங்க ஐயா. காலையில நானே இங்க போர்ட் பிளேர் ஜி.பி. ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றாள்.

கவுன்டருக்குப் போய்க் கதவு நோட்டை எடுத்தாள். அன்றைக்கு இருபத்திரண்டு பெயர்கள். இருபத்திரண்டுக்கும் கடைசிக் கட்டம் காலி. அடியில் எழுதினாள்: உமா மகேஸ்வரி, நெட்வொர்க் இன்ஜினியர். 64511. பகல் 2.12 முதல் 2.23 வரை. காரணம் என்ற இடத்தில் 'அலுவலகப் பணி' என்று கை தானாக எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, 'சொந்த வேலை' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் டிக்.

பிறகு நோட்டை அதே பக்கத்தில் விரித்தபடியே கவுன்டரில் வைத்து, பேனாவைக் கயிற்றோடு அதன் மேல் போட்டாள். நாளைக்குக் கடை திறக்கும் முன் சொக்கலிங்கம் இந்த வழியாகத்தான் போவார்.